மறு: கம்ப்யூட்டேஷன் – சிறுவர் பாடத்துக்கு என்ன சொல்?

> ‘கணக்கீடு’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். கம்ப்யூட்டேஷன் என்பது விதிப்படி, படிப்படியாகச் செய்யும் வேலை; எண் கணக்கு மட்டுமல்ல. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கீடு என்றால் கூட்டலும் பெருக்கலும்தான். பெயர்களை அகரவரிசையில் அடுக்குவதும் அதே வகை வேலைதான் என்று அப்புறம் புரியவைப்பது பெரும்பாடு. ‘கணிப்பு’ தேர்தலிலும் வானிலையிலும் மாட்டிக்கொண்டது. ‘கணிமை’ துறையின் பெயராக நன்றாகவே இருக்கிறது. ஒரு நிரல் (புரோகிராம்) ஓடும்போது நடக்கும் வேலையை அது சுட்டாது.

என் பரிந்துரை ‘கணிசெயல்’.

பாடத்தில் கோலத்தை வைத்துத் தொடங்கலாம். ‘7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரை’ என்பார்களே, அது போதும். நடுவில் 7, மேலேயும் கீழேயும் வரிசைக்கு ஒரு புள்ளி குறைத்துக்கொண்டே போய், 4 வந்ததும் நிறுத்து. இந்தக் கட்டளைகள் நெறிமுறை (அல்காரிதம்). கோலமாவை எடுத்து ஒருவர் அதன்படி புள்ளி வைத்துக்கொண்டு போவது கணிசெயல். திரும்பச் செய்வதும் எப்போது நிறுத்துவது என்பதும் இதிலேயே வந்துவிடுகின்றன. கடைசியில் கிடைப்பது எண் அல்ல, படம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் சிரோமணி தம்பதியரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் கணினியியல் இதழில் கட்டுரையே வெளியிட்டார்கள், 1974இல்.

‘கணினி இல்லாமல் கணிசெயலா?’ என்று கேட்பவர்களுக்குக் கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங்கைக் காட்டலாம். 1936 கட்டுரையில் அவர் தாளில் எழுதிக் கணக்குப் போடும் மனிதரிடமிருந்துதான் தம் கற்பனைக் கணிக்கும் பொறியை வருவித்தார். அன்று ‘கம்ப்யூட்டர்’ என்றாலே ஆள்தான்.

‘கணிச்செயல்’ என்று யாரும் திருத்திவிடாதீர்கள். கணித்த, கணிக்கிற, கணிக்கும் செயல் என்று முக்காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. ஊறுகாயில் ஒற்று மிகாதது போல இங்கும் மிகாது. கணிபொறியா கணிப்பொறியா என்ற பழைய சண்டையை இதற்குள் இழுக்க வேண்டாம்.

முதலில் ‘கணிவினை’ என்றுதான் யோசித்தேன். கணி என்றால் பழந்தமிழில் சோதிடர். கூடவே வினையும் சேர்ந்தால் ஜாதகக் கட்டம் நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன்.

‘கம்ப்யூட்டபிள்’ (இப்படி விதிப்படி செய்து முடிக்கக்கூடியது) என்பதற்குக் ‘கணிக்கத்தக்க’ என்றால் அதே வானிலைச் சிக்கல் திரும்ப வருகிறது. ‘கணிசெயலுக்கு உட்பட்ட’ என்பது நீளம். சுருக்கமாக வேறு தோன்றுகிறதா?