கொல்லிமலை ஓடையில் ரெண்டாவது ஆக்சில் ஷாஃப்டும் போச்சு: வெல்ட் வச்ச டிஃப்ரன்ஷியல்தான் காரணமா?

கரட்டு ஜீப், நாமக்கல்

வணக்கமுங்க. ஏழு மாசத்துல ரெண்டு ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுத்த வைக்கற இரும்புத் தண்டு) முறிச்சுட்டேன். ரெண்டுமே பின்னாடி, இடது பக்கம்.

வண்டி அப்பா காலத்து பெட்ரோல் சிஜே 3பி ஜீப். ஹரிகேன் இன்ஜின், மூணு கியர், முன் ஆக்சில் டானா 25, பின் ஆக்சில் டானா 44. டயர் 7.00-16. ஆடி மாசம் பின் டிஃப்ரன்ஷியலைக் (வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடறது) கழட்டி, உள்ள இருக்கற ஸ்டார் பினியன் பல்சக்கரம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து வெல்ட் வச்சாச்சு, இனி ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும். காசுள்ளவன் ஏர் லாக்கர் போடுவான், நமக்கு வெல்டிங் ராடுதான் லாக்கர்.

மச்சானுக்குக் கொல்லிமலையில மிளகும் காபியுமா ஒரு தோட்டம் இருக்குதுங்க. பட்டா நிலம், காட்டிலாகாகாரங்க யாரும் சண்டைக்கு வரவேண்டாம். தோட்டத்துக்கு நடுவுல ஒரு ஓடை, ஆளு உசரத்துக்குப் பாறை. மாசம் ரெண்டு தடவை மலைக்குப் போவேன். பாதி மிளகு மூட்டை இறக்க, மீதி ஓடையில ஏத்திப் பழக.

போன ஞாயித்துக்கிழமை இடது சக்கரம் ரெண்டு கல்லுக்கு நடுவுல சிக்குச்சு. வலது சக்கரம் பாதி காத்துல. லோ ஃபர்ஸ்ட்ல லேசாத்தான் மிதிச்சேன், சத்தியமா லேசாத்தான். டங்குன்னு ஒரு சத்தம். கோயில் மணி அடிச்ச மாதிரி பாறையெல்லாம் எதிரொலிச்சுது. மச்சான் கையெடுத்துக் கும்பிட்டான், கிண்டலுக்கு.

வெல்ட் வச்சதுல ஒரு லாபம், இடது ஷாஃப்ட் போயும் வலது சக்கரம் இழுத்துது. முன்னாடி ரெண்டும் சேர்ந்து, வண்டி தானா மேட்டுக்கு வந்துருச்சு. வெல்ட் வைக்காத திறந்த டிஃப்ரன்ஷியலா இருந்திருந்தா உடைஞ்ச பக்கம் சும்மா சுத்திக்கிட்டே நின்னிருக்கும்.

கழட்டினதுதான் பாடு. ஹப்பு (சக்கரம் மாட்டற குடம்) ஷாஃப்ட் நுனியில இருக்கற கூம்புல, அதாவது டேப்பர்ல, இறுகிப் போயிருந்துது, கையில அதை இழுத்து எடுக்கற புல்லர் இல்ல. நட்டை ரெண்டு மரை தளர்த்திட்டு வண்டியை எட்டுப் போட்டு ஓட்டினா ஹப்பு தானா விடும்னு சொல்லுவாங்க. உடைஞ்ச ஷாஃப்ட் இழுக்கவே இழுக்காதே, எங்கிருந்து விடும்? கடைசியில செம்மேட்டுல ஒரு டிராக்டர் பட்டறையில புல்லர் கடன் வாங்கி, மாலை ஆறு மணிக்கு ஹப்பு வந்துது. உள்ள நின்ன துண்டை எடுக்க இன்னும் ரெண்டு மணி நேரம். பின் மூடியோட பத்து போல்ட்டையும் கழட்டி, ஆயிலைச் சட்டியில பிடிச்சு, கம்பி நுனியில ஒரு சின்ன ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டி ட்யூப் வழியா விட்டு மீன் பிடிச்சோம்.

இப்போ கேள்வி. லேத்துல இ.என் 24 எஃகுக் கம்பியில கெட்டியா ஒரு ஷாஃப்ட் கடைஞ்சு போட்டுரலாமா? இல்ல, இதுக்கு வேற வழி இருக்குதா?

சிவப்பு தார்

ப்ரோ, வெல்ட் எல்லாம் அந்தக் காலம். செலக்டபிள் லாக்கர் போடுங்க, வேணும்னா ஆன், வேண்டாம்னா ஆஃப். கூர்க்கா வண்டியில முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் கம்பெனியே குடுக்கறான். இல்லைன்னா வண்டியை மாத்திருங்க.

கரட்டு ஜீப், நாமக்கல்

அப்பா வண்டியை மாத்தச் சொன்ன முதல் ஆள் நீங்க இல்ல. என் சம்சாரமும் வரிசையில நிக்கறாங்க.

ஃபிட்டர் ஐயா

தம்பி, லாரிப் பட்டறையில 38 வருஷம் ஃபிட்டரா இருந்தவன் நான். ஷாஃப்டை எதுல கடையறதுன்னு அப்புறம் பேசலாம். உடைஞ்ச முகத்தை மொதல்ல பெட்ரோல் போட்டுக் கழுவு. வெயில்ல வச்சுப் பாத்து, என்ன தெரியுதுன்னு எழுது. எந்த இடத்துல உடைஞ்சுது, முகம் தட்டையா இருக்கா, சாய்வா முறுக்கிக்கிட்டா, முழுக்கப் பளபளன்னு இருக்கா, ஒரு பக்கம் மங்கலா இருக்கா. எல்லாத்தையும் சொல்லு.

கரட்டு ஜீப், நாமக்கல்

கழுவிப் பாத்தேனுங்க ஐயா. ஷாஃப்ட் நுனியில டிஃப்ரன்ஷியலுக்குள்ள சொருகற பல் வெட்டு முடியற இடத்துல உடைஞ்சிருக்குது. முகம் தட்டையாவும் இல்ல, சாய்வாவும் இல்ல. ஒவ்வொரு பல்லோட அடியிலிருந்தும் ஒரு கோடு நடுவைப் பாத்து ஓடுது, மொத்தத்துல நட்சத்திரம் மாதிரி. ஓரத்துல சுத்திலும் கருப்பா, எண்ணெய் ஊறின நிறம். நடுவுல மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புதுசா, சர்க்கரை உடைச்ச மாதிரி மினுங்குது.

ஃபிட்டர் ஐயா

சரி. ஓடை மேல பழி போடாதே. அன்னைக்கு உடைஞ்சது அந்தக் காசு அகலம் மட்டும்தான். மத்ததெல்லாம் எப்பவோ விட்டுப்போச்சு. உள்ள எண்ணெய் போய்க் கருத்திருக்குன்னா வெடிப்பு ரொம்ப நாளா இருந்திருக்கு.

ஒரே அடியில முறிஞ்ச ஷாஃப்ட் வேற மாதிரி இருக்கும். இளகின இரும்புன்னா, முறியறதுக்கு முன்னாடி பல்லே ஜிலேபி மாதிரி முறுக்கிக்கும். நட்சத்திரம் விழுந்தா அர்த்தம் வேற. இந்தப் பக்கம் ஒரு முறுக்கு, அந்தப் பக்கம் ஒரு முறுக்குன்னு மாத்தி மாத்தி ஆயிரக்கணக்குல வாங்கினாத்தான் அப்படி உடையும். ஓடையில நீ என்ன, ஒரு நாளைக்கு இருபது தடவை மிதிச்சிருப்பியா? அது போதாது.

வெல்ட் வச்ச பின்னாடி இந்த வண்டியை மலைக்கு எப்படிக் கொண்டு போறே? லாரியில ஏத்தியா, ஓட்டிக்கிட்டா?

கரட்டு ஜீப், நாமக்கல்

ஓட்டிக்கிட்டுத்தானுங்க ஐயா. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, அப்புறம் கொண்டை ஊசி எழுபதும். ஒவ்வொரு ஊசியிலயும் டயர் கிறீச்சுனு கத்தும், வளைவு பாதியில பின்னாடி டப்புன்னு ஒரு குதி குதிக்கும். அது வெல்ட் வச்ச வண்டிக்கு இயல்புன்னு நினைச்சுட்டேன். புது டயரு ஏழு மாசத்துல மொட்டை, அதையும் இப்பத்தான் யோசிக்கறேன்.

கணக்கு வாத்தியார், கோவை

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் பாடம் எடுக்கறவன். இந்த வண்டிக்கு இடது சக்கர நடுவுக்கும் வலது சக்கர நடுவுக்கும் இடையில 1.23 மீட்டர். அரை வட்டம் திரும்பினா வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட பை பெருக்கல் 1.23, அதாவது 3.86 மீட்டர் அதிகமா ஓடியாகணும். வளைவு பெருசோ சிறுசோ, இந்த வித்தியாசம் மாறாது. அந்த 3.86 மீட்டரை விட்டுக்குடுக்கத்தான் டிஃப்ரன்ஷியல்னு ஒண்ணு இருக்கு. நீங்க அதை வெல்ட் வச்சு அடைச்சுட்டீங்க.

அப்போ யார் விட்டுக்குடுக்கறது? மொதல்ல ஷாஃப்ட் முறுக்கிக்கும். தாங்காத கட்டத்துல டயர் தார்ல தேய்ஞ்சு வழுக்கும். நீங்க சொன்ன அந்த டப்பு அதுதான். இடது வளைவுல உள்பக்கம் இருக்கற இடது சக்கரம் ரோட்டைப் பின்னுக்குத் தள்ளும், அதோட ஷாஃப்ட்டுக்கு ஒரு திசையில முறுக்கு. அடுத்த ஊசி வலது வளைவு. இப்போ இடது சக்கரம் வெளிப்பக்கம், ரோடு அதைப் பிடிச்சு இழுக்கும், முறுக்கு எதிர்த் திசையில. மலைப்பாதை இடது, வலது, இடது, வலதுன்னுதானே போகுது. ஐயா சொன்ன நட்சத்திரத்துக்கு இதைவிட நல்ல மெஷின் ஆய்வுக்கூடத்துலகூட இருக்காது.

எழுபது ஊசிக்குக் கிட்டத்தட்ட 270 மீட்டர். ஏறி இறங்க 540. ஏழு மாசம், மாசம் ரெண்டு தடவைன்னா 14 பயணம். மொத்தம் 7,560 மீட்டர் டயரைத் தரதரன்னு இழுத்திருக்கீங்க. ஏழரைன்னு வந்ததுக்கு நான் பொறுப்பில்லை.

ஓடைக் கணக்கும் ஒண்ணு இருக்கு. உங்க பல் விகிதம், ஃபர்ஸ்ட் கியர் 2.8, லோ ரேஞ்ச் 2.46, கிரவுன் பினியன் (ஆக்சில் நடுவுல இருக்கற பல்சக்கர ஜோடி) 5.38. பெருக்கினா 37. இன்ஜின் 150 நியூட்டன் மீட்டர் குடுத்தா ஆக்சிலுக்கு 5,500 வரும். திறந்த டிஃப்ரன்ஷியல் அதை எப்பவும் சரிபாதியாத்தான் பிரிக்கும். அடைச்சுட்டா, ஒரு சக்கரம் காத்துல இருக்கும்போது மொத்தமும் மத்த ஷாஃப்ட்லதான். சமதளத்துல அவ்வளவு வர்றதுக்குள்ள டயர் வழுக்கிரும், ஷாஃப்ட் பிழைச்சுக்கும். கல் இடுக்குல டயர் எங்க வழுக்கும்? அதனால ஓடை முழு நிரபராதியும் இல்லை.

சூரியநெல்லி டிரைவர்

அண்ணே, நான் போடிக்காரன். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு தினமும் ஆள் ஏத்திட்டுப் போறேன். எங்க வண்டி எதுலயும் லாக்கர் கிடையாது. டயர்ல காத்தைக் குறைப்போம். ஒரு சக்கரம் சும்மா சுத்துச்சுன்னா ஆக்சிலேட்டரை விடாம, பிரேக்கை லேசாத் தொடுவோம். சுத்துற சக்கரத்துக்குப் பிடி கிடைச்சா மத்ததுக்கும் அதே அளவு வந்துரும். அதுக்கும் நகரலைன்னா இறங்கி ஒரு கல்லைப் புரட்டி வைப்போம், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. சுத்திக்கிட்டு இருக்கற சக்கரம் பொத்துன்னு பாறையில இறங்கும் பாருங்க, அப்பத்தான் எது இருந்தாலும் உடையும். வண்டி குதிக்க ஆரம்பிச்சா காலை எடுத்துரணும். நாங்க மாத்துன கிராஸ் (ஷாஃப்டை இணைக்கற சிலுவை ஜாயின்ட்) எல்லாம் அப்படி உடைஞ்சதுதான்.

கரட்டு ஜீப், நாமக்கல்

வாத்தியாருக்கு ஒரு கும்பிடு. ஏழரையைச் சம்சாரத்துக்கிட்டப் படிச்சுக் காட்டிட்டேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஐயா, அப்போ இ.என் 24? வெல்டை முன்னாடிக்கு மாத்திட்டா? முன்னாடி, சக்கரத்தை ஷாஃப்ட்ல இருந்து பிரிச்சு விடற ஹப்பு லாக் இருக்குது, ரோட்டுல கழட்டி விட்டுரலாமே.

ஃபிட்டர் ஐயா

இ.என் 24 நல்ல இரும்பு. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் எல்லாம் இருக்கு. ஆனா கடைஞ்சதும் முறையாச் சூடு காட்டி எடுக்கணும். பல் முடியற இடத்துலயும் பேரிங் உட்கார்ற படியிலயும் ஓரத்தை உருட்டி விடணும். அவசரத்துல கூர்மையா வெட்டி விட்டுட்டான்னா, எந்த இரும்பா இருந்தாலும் அங்கேயே வெடிக்கும். அதுவும் தாங்கிருச்சுன்னு வை, அடுத்து கிரவுன் பினியன் பல்லு போகும். ஷாஃப்ட் ஒரு சாயங்கால வேலை. கிரவுன் ஒரு வாரம், செலவும் பல மடங்கு. எது உடையணும்னு நீயே ஒண்ணை விட்டு வை.

முன்னாடி யோசனை ரோட்டுக்குச் சரி. ஓடையில ஸ்டியரிங் திருப்பிக்கிட்டே மிதிச்சா அந்த டானா 25 ஜாயின்ட் நொறுங்கும். அது பின்னாடி இருக்கறதைவிடச் சின்னது. ஸ்டியரிங்கும் கையில நிக்காது.

வெல்ட் வேண்டாம். திறந்ததைப் போடு. கட்டாயம் லாக் வேணும்னா ஸ்டார் பினியன் இடத்துல உட்கார்ற ராட்செட் மாதிரி லாக்கர் வருது. வளைவுல வெளிச் சக்கரத்தை விட்டுரும், டக் டக்னு சத்தம் மட்டும் போடும். எது வாங்கினாலும் ஷாஃப்ட் பல்லை எண்ணிட்டு வாங்கு. இந்த ஆக்சில்ல பழசுல 10 பல், பின்னால வந்ததுல 19. இடதும் வலதும் ஒரே நீளமும் கிடையாது. டிஃப்ரன்ஷியல் உருண்டை வலது பக்கம் தள்ளி இருக்கறதால வலது குட்டை.

வலது ஷாஃப்ட் உடையலைன்னு சந்தோஷமா இருக்காதே. இடது ஒரு தடவை மாறிருச்சு, வலது ஏழரையையும் முழுசா வாங்கியிருக்கு. வெளிய எடு. ஒரு நாள் மண்ணெண்ணெயில ஊறப் போடு. எடுத்து நல்லாத் துடைச்சுக் காயவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தண்ணியில குழைச்சுப் பூசு. காய்ஞ்சதும் சுத்தியலால நாலு தட்டு தட்டு. வெடிப்பு இருந்தா உள்ள ஊறின எண்ணெய் வெளிய வந்து கோடு போடும். டேப்பர்ல சாவிக் காடிப் (ஹப்பை ஷாஃப்டோட பூட்டற சாவி உட்கார்ற பள்ளம்) பக்கமும் பாரு. உள்பக்கம் உடைஞ்சா வீட்டுக்கு வந்துரலாம். சாவிப் பக்கம் உடைஞ்சா சக்கரம் உனக்கு முன்னாடி காரவள்ளி போய்ச் சேரும்.

கரட்டு ஜீப், நாமக்கல்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன்.

வலது ஷாஃப்டை ஊற வச்சுச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுப்பா நிறுத்தினேன். பல் ஓரத்துல நாலு எடத்துல மெல்லிசா ஈரக் கோடு வந்துது. தலைமுடி அகலம்கூட இல்ல. அதைப் பாத்ததும் வயிறு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. போன மாசம்தான் பையனை முன்சீட்டுல வச்சுக்கிட்டு அந்த எழுபதையும் இறங்கி வந்தேன்.

உக்கடம் பழைய இரும்புல திறந்த கேரியர் (டிஃப்ரன்ஷியல் பல்சக்கரம் இருக்கற கூடு) ஒண்ணு கிடைச்சுது. வீட்டுக்கு வந்து பாத்தா 19 பல், என்னுது 10. ஐயா எண்ணச் சொன்னாரு, ஷாஃப்டை எண்ணினேன், கேரியரை எண்ணலை. திரும்பப் போய் மாத்திட்டு வந்தேன். ஃபிட்டர் ஐயா சேந்தமங்கலத்துல சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவரு, நம்ம வீட்டுக்கும் வந்து கிரவுன் பல் இடைவெளி (ப்ளே), பேரிங் ஷிம் தகடு ரெண்டையும் அவரே வச்சுக் குடுத்தாரு. காசு வாங்கலை. ரெண்டு கிலோ மிளகு வாங்கிக்கிட்டாரு. ஷாஃப்ட் ரெண்டும் புதுசு, சாதா ஷாஃப்ட்தான். நீளவாக்குல வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு மாட்டினோம். எப்பவாவது வெளிய எடுக்கும்போது அந்தக் கோடு வளைஞ்சிருந்தா ஷாஃப்ட் முறுக்கிருச்சுன்னு தெரியுமாம்.

நேத்து மேல போனேன். எழுபது ஊசியிலயும் ஒரு சத்தம் இல்ல. அமைதியா இருந்ததால கியர் பாக்ஸ் ஊளையிடறது புதுசாக் கேக்குது, அது வேற கவலை. ஓடையில அதே ரெண்டு கல்லுக்கு நடுவுல சிக்கினேன். போடி அண்ணன் சொன்ன பிரேக் வித்தை பாதி தூரம் ஏத்துச்சு. மீதிக்கு மச்சான் கல்லு புரட்டினான்.

வெல்ட் வச்ச பழைய கேரியரை மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். யாருக்காவது வேணும்னா எடுத்துக்கலாம், மலை மேல ரோடே இல்லாத தோட்டத்துல நிக்கற வண்டியா இருந்தா மட்டும்.