டைடஸா, டீடஸா?

கேள்வி: 2001இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 10 வீடியோ விளையாட்டின் நாயகனை நான் இத்தனை காலமும் ‘டைடஸ்’ என்றே சொல்லிவர, என் தம்பியோ ‘டீடஸ்’தான் என்று அடம்பிடிக்கிறான். எது சரி?

பதில் 1: விளையாடுபவரே பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், குரல் நடிகர்கள் அப்பெயரை உச்சரிக்காமல் ‘நீ’, ‘அவன்’ என்றே சமாளிப்பார்கள், குழப்பத்தின் வேர் அதுதான்.

பதில் 2: ஜப்பானிய மூலத்தில் அவன் ‘டீடா’, ஒக்கினாவா மொழியில் அதற்குச் சூரியன் என்று பொருள். ஜப்பானிய எழுத்தில் தெளிவாக இருக்கும் நெடில் குறி, ஆங்கில எழுத்துக்கு மாறியபோது தொலைந்துபோனது. (டி, டீ, டை என்று தனித்தனியே எழுதும் நமக்கு இந்தச் சண்டையே வந்திராது.) பின்னர் இதே நாயகன் இடம்பெற்று வந்த டிசிடியா என்ற சண்டை விளையாட்டின் ஆங்கில வடிவில் ‘டீடஸ்’ என்றே அழைக்கிறார்கள்.

கேட்டவர்: நன்றி. தம்பியிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், ஆனால் வாயில் இன்னமும் ‘டைடஸ்’தான் வருகிறது.