ஸ்டெம் போட்டேன், இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது

தஞ்சாவூர்க்காரன்:
அப்பாவின் பழைய ஸ்விஸ் வாட்ச், சாவி கொடுக்கிற வகை, 17 ஜுவல். சாவி கொடுக்கிற குமிழான கிரவுனில் பல் தேய்ந்து விரல் வழுக்கியது. புதுசு மாற்றலாம் என்று நேற்று ராத்திரி பின்மூடியைத் திறந்தேன். கிரவுன் மாட்டியிருக்கிற கம்பியான ஸ்டெம்முக்குப் பக்கத்துத் திருகைத் தளர்த்திக்கொண்டே இழுத்தேன், வரவில்லை. இன்னும் தளர்த்தினேன், வந்துவிட்டது. புது கிரவுனை மாட்டித் திரும்பச் செருகினேன். சாவி ஏறுகிறது, ஓடுகிறது. ஆனால் மணி திருப்ப இழுத்தால் ஸ்டெம் முழுசாக வந்துவிடுகிறது. திருகும் இறுகாமல் சும்மா சுற்றுகிறது. கடைக்குப் போனால் "யார் கை வெச்சது?" என்பார்கள். நானே ஏதாவது செய்யலாமா?

டிக்டிக்:
எத்தனை சுற்று தளர்த்தினீர்கள்?

தஞ்சாவூர்க்காரன்:
எண்ணவில்லை. ஆறேழு இருக்கும்.

கடைத்தெரு:
அதுதான். எங்கள் மாமா கடையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். முதல் மாதத்திலேயே இதே தப்பைச் செய்து தலையில் குட்டு வாங்கினேன்.

அந்தத் திருகு ஸ்டெம்மைப் பிடிப்பதில்லை. டயல் பக்கம் இருக்கிற செட்டிங் லிவரைப் பிடிக்கிறது. லிவரின் முனை ஸ்டெம்மில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் ஸ்டெம் நிற்கும். ஸ்டெம்மை எடுக்க ஒன்றரை, இரண்டு சுற்று தளர்த்தினால் போதும். நீங்கள் முழுசாகக் கழற்றியதில் லிவர் டயலுக்கு அடியில் விழுந்துவிட்டது.

முதலில் ஸ்டெம்மை எடுத்துவிடுங்கள். டயல் மேலே பார்க்கும்படி வாட்சைத் திருப்பிப் பிடித்தால் லிவர் தன் எடையிலேயே மெஷின் பக்கம் இறங்கும். அப்படியே கீழிருந்து திருகை லேசாக அழுத்தி, முதலில் இடப்பக்கம் கால் சுற்று, அப்புறம் வலப்பக்கம். பிடித்தால் விரலுக்குத் தெரியும். ஒரு சுற்று இறங்கியதும் நிறுத்தி, ஸ்டெம்மை மெல்ல உருட்டிக்கொண்டே செருகுங்கள். அதன் சதுரம் உள்ளே பல்சக்கரத்தில் பொருந்த வேண்டும். தள்ளாதீர்கள். நாலைந்து தடவையில் பிடிக்காவிட்டால் முள், டயல் எல்லாம் கழற்ற வேண்டும். அது கடைக்காரர் வேலை, திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிக்டிக்:
சீக்கோ 7எஸ்26 மெஷின் உள்ள வாட்ச் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திருகு தேட வேண்டாம். அதில் லிவரின் சின்னக் குழியை அழுத்தினாலே ஸ்டெம் வரும். ஸ்விஸ் மெஷினான ஈடிஏ 2824-ம் அழுத்துகிற வகைதான்.

தஞ்சாவூர்க்காரன்:
மூன்றாவது தடவை பிடித்துவிட்டது! இழுத்தால் நிற்கிறது, முள்ளும் திரும்புகிறது. ஆனால் புது கிரவுன் கேஸை ஒட்டாமல் அரை மில்லி தள்ளி நிற்கிறதே?

கடைத்தெரு:
புது கிரவுனின் துளை ஆழம் குறைவாக இருக்கும், ஸ்டெம் அடிவரை இறங்கவில்லை. ஸ்டெம்மைக் கழற்றி, கிரவுன் மாட்டுகிற மரை முனையை அரத்தில் துளித்துளியாக ராவி, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்கள். அதிகம் ராவிவிட்டால் வேறு ஸ்டெம்தான். இந்தத் தடவை சுற்றை எண்ணுங்கள்.