சென்னை கண்ட முதல் பயணிகள் கப்பலாம்! அப்போ ரஜூலா என்ன, பரிசலா?

பினாங்குப்பேரன்:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொடியன் போட்ட செய்தி இது: 2022 ஜூனில் கிளம்பிய கோர்டேலியாதான் சென்னை கண்ட முதல் பயணிகள் சொகுசுக் கப்பலாம். கீழே பதினாறு பேர் கைதட்டல் வேறு. பற்றிக்கொண்டு வந்தது. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய ரஜூலா, 1973 வரை உழைத்த கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. நம் ஊர்க்காரர்கள் பாதி மலேயாவை அதில் ஏறிப் போய்த்தான் பார்த்தார்கள். நானே சின்ன வயதில் தாத்தாவோடு போயிருக்கிறேன். நாகப்பட்டினம் துறைமுகத்தில் பலகை போட்டிருந்தார்கள், நடந்தே கப்பலில் ஏறினோம். மேல்தளத்தில் பாய் விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, ராத்திரி முழுக்க நட்சத்திரம் பார்த்துக்கொண்டு... இந்தக் காலத்துச் சொகுசெல்லாம் அதற்கு உறை போடக் காணுமா?

கடுவையாற்றங்கரை:
எல்லாம் சரி ஐயா. அந்தப் பலகை மட்டும் எங்கிருந்து வந்தது? நான் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன். நாகையில் ரஜூலா கரையை ஒட்டி நின்றதே கிடையாது. கரையோரம் ஆழம் போதாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கடுவையாற்று முகத்துவாரத்தில் படகில் ஏறி, அலையில் ஆடி ஆடிப் போய், கப்பல் பக்கவாட்டில் தொங்கும் ஏணிப்படியில்தான் ஏற வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் கப்பல் தீப்பெட்டி மாதிரி தெரியும். நடந்து ஏறினாராம்!

நாகூர் சபுராளி:
ஆற்றங்கரையார் சொல்வது சரிதான். எங்கள் வாப்பா சபுருக்கு, அதாவது கடல்கடந்த பயணத்துக்குக் கிளம்பும்போது தர்காவில் ஃபாத்திஹா ஓதிவிட்டுத்தான் படகுத்துறைக்கே போவோம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் படகே போகாது. பெட்டி, பாய், ஊறுகாய் ஜாடியோடு கரையிலேயே காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

பினாங்குப்பேரன்:
படகில் போனவர்கள் போயிருக்கலாம். நாங்கள் பலகையில்தான் ஏறினோம். கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

டெக் டிக்கெட்:
இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டு மரக்கட்டைக்கு அடித்துக்கொள்கிறீர்கள். நட்சத்திரம் பார்த்தாராம்! மேலே கூரை சரியாக இல்லாததால்தான் நட்சத்திரம் தெரிந்தது. ரஜூலா கட்டிய காலத்தில் 5,000 பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அனுமதி வாங்கிய கப்பல். 8,478 டன் கப்பலில் 5,000 பேர்! ஒருவர் கால் நீட்டினால் இன்னொருவர் தலையில் படும். தோட்டக் கூலிகளாகப் போனவர்களுக்கு அது உல்லாசப் பயணமா? 1938-ல் இந்திய அரசாங்கம் அந்த ஆள் அனுப்புதலை நிறுத்தியதே, சும்மாவா நிறுத்தினார்கள்? பினாங்கு போய்ச் சேர்ந்தால் டெக் ஆட்களை மட்டும் ஜெரஜாக் தீவில் கொண்டுபோய் அடைப்பார்கள், நோய் இருக்கிறதா என்று பார்க்க. கேபின்காரர் நேராக ஊருக்குள் போவார். இதை யாரும் நட்சத்திரத்தோடு சேர்த்து எழுதுவதில்லை.

பினாங்குப்பேரன்:
நான் கூலி அனுபவத்தைப் பற்றி எழுதவில்லை. என் தாத்தா கடை வைத்திருந்தவர்.

டெக் டிக்கெட்:
அது தெரிந்துதான் சொன்னேன்.

ராயபுரத்தான்:
ரஜூலா ரஜூலா என்று கிழக்கப்பலையே கட்டி அழுகிறீர்களே, சிதம்பரத்தை ஒருத்தரும் பேசவில்லையே! 1966-ல் பிரான்ஸில் டன்கர்க்கில் கட்டிய கப்பல். அப்போது பெயர் பாஸ்டர். 1973-ல் நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி அதே தடத்தில் விட்டது. எம்.வி. சிதம்பரத்துக்கு முன்னால் உங்கள் ரஜூலா நிற்குமா? இன்னொன்று, அந்தக் கோர்டேலியாவும் புதுசு இல்லை. 1990-ல் அதே பிரான்ஸில் வேறு பெயரில் கட்டிய பழைய கப்பல்தான். நமக்கு எப்போதும் பிரெஞ்சுக்காரன் ஓட்டி முடித்ததுதான் வாய்க்கிறது.

கடுவையாற்றங்கரை:
எம்.வி. இல்லை, டி.எஸ்.எஸ்.! கப்பல் பெயருக்கு முன்னால் போடும் எழுத்து அதுதான். பெயரையே சரியாக எழுதாதவர் ஒப்பிட வந்துவிட்டார். அப்புறம் கோர்டேலியாவை முதலில் ஓட்டியது அமெரிக்க நிறுவனம். பிரெஞ்சுக்காரன் கட்டினான், ஓட்டவில்லை. சிதம்பரமும் நாகையில் வெளியேதான் நின்றது. நாகை வெங்காய மூட்டையெல்லாம் படகில்தான் போய் ஏறியது. மூட்டைக்கே பலகை கிடைக்கவில்லை, பேரனுக்கு எப்படிக் கிடைத்தது?

ராயபுரத்தான்:
ஊரே எம்.வி. சிதம்பரம் என்றுதான் சொன்னது. ஊரைத் திருத்த வந்த மகான் நீங்கள்.

நாகூர் சபுராளி:
சிதம்பரம் பேச்சை எடுத்தால் எங்களுக்கு அந்த 1985 பிப்ரவரிதான் நினைவுக்கு வரும். நடுக்கடலில் தீப்பிடித்து எத்தனை உயிர். அதோடு அந்தக் கப்பலும் முடிந்தது, நாகை-பினாங்கு ஓட்டமும் முடிந்தது. விமானம் எல்லோருக்கும் எட்டிய பிறகு யாரும் கேட்கவும் இல்லை. அதில் எது பெரிய கப்பல் என்று போட்டி போட மனசு வரவில்லை.

தலைமன்னார்:
நீங்கள் எல்லாரும் பினாங்கு, சிங்கப்பூர் எண்டு நிக்கிறியள். எங்கட போட் மெயில ஒருத்தரும் கதைக்கேல்ல. 1914-ல தொடங்கினது. சென்னையில ரயில் ஏறினா தனுஷ்கோடி இறங்குதுறைக்கே ரயில் வரும். இறங்கி நடந்துபோய்க் கப்பல்ல ஏறலாம். பிறகு தலைமன்னார், அங்கயிருந்து கொழும்புக்கு ரயில். 1964 டிசம்பர் புயலோட தனுஷ்கோடி போயிட்டுது. பிறகு ராமேஸ்வரத்தில இருந்து ஓடிச்சுது, 80-களில சண்டையோட அதுவும் நிண்டுபோச்சு.

பினாங்குப்பேரன்:
பார்த்தீர்களா! நடந்துபோய் ஏறலாம் என்று அவரே சொல்கிறார். இதைத்தான் நானும் சொல்கிறேன்.

கடுவையாற்றங்கரை:
அது தனுஷ்கோடி! இது நாகப்பட்டினம்! ஊர் வித்தியாசம்கூடத் தெரியாமல் வரலாறு எழுதக் கிளம்பிவிட்டார். அது பாக் நீரிணையைத் தாண்டும் சின்னக் கப்பல். ரஜூலா வங்காள விரிகுடாவைத் தாண்டிய கப்பல். கேட்டதால் இன்னொன்றும் சொல்கிறேன். ரஜூலாவோடு கூடப்பிறந்த கப்பல் ரோனா. அதே 1926. போரில் படைகளை ஏற்றிப் போகும்போது 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அருகே ஜெர்மன் விமானம் வீசிய ஏவுகுண்டில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். ரஜூலா தப்பித்து வந்து இன்னும் முப்பது வருஷம் உழைத்தது. இந்த விவரமெல்லாம் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

பினாங்குப்பேரன்:
யாரும் கேட்கவே இல்லை. ரோனாவுக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம்?

டெக் டிக்கெட்:
அதானே.

பினாங்குப்பேரன்:
என்னிடம் புகைப்படமே இருக்கிறது. தாத்தா வெள்ளைச் சட்டையோடு பலகை மேல் நிற்கிறார், பின்னால் கப்பல், கறுப்புப் புகைபோக்கியில் வெள்ளைப் பட்டைகூடத் தெரிகிறது. படத்தை ஸ்கேன் செய்து போடுகிறேன், அப்போது எங்கே ஒளிவீர்கள் என்று பார்க்கலாம்.

கடுவையாற்றங்கரை:
போடுங்கள். பின்னால் கிரேன் தெரிந்தால் அது சென்னைத் துறைமுகம். அங்கே கரையை ஒட்டித்தான் நிறுத்துவார்கள். தாத்தா ஒரு தடவை சென்னையில் ஏறியிருப்பார், நீங்கள் நாகையோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டீர்கள். குழந்தைதானே அப்போது.

பினாங்குப்பேரன்:
என் குடும்ப நினைவை நீங்கள் திருத்த வேண்டாம். நாகைக்காரர் என்றால் கடலுக்கே பட்டா வாங்கி வைத்திருக்கிறீர்களா? அப்புறம் 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே, செரியாபாணி, அது நாகையில் கரையை ஒட்டி நின்றதை டிவியில் உலகமே பார்த்தது. இப்போது நிற்கலாம், அப்போது நிற்கக்கூடாதா?

கடுவையாற்றங்கரை:
செரியாபாணி 150 பேர் உட்காரும் படகு! அதற்கே ஆற்று முகத்துவாரத்தைத் தூர்வாரினார்கள். அதையும் ரஜூலாவையும் ஒப்பிடுகிறவரிடம் என்ன பேச?

தலைமன்னார்:
படகு எண்டு சொல்லாதேங்கோ. எத்தினை வருசத்துக்குப் பிறகு வந்த கப்பல் அது. எங்கட சனம் அழுதுகொண்டு பாத்ததுகள்.

கடுவையாற்றங்கரை:
நான் அளவைச் சொன்னேன், அழுகையைச் சொல்லவில்லை. வந்த வேகத்தில் ஒரே வாரத்தில் நின்றும் போனது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்த பிறகுதான் மறுபடி ஓடியது. அதற்கும் நாங்கள்தான் குரல் கொடுத்தோம். உங்கள் பக்கத்திலிருந்து யாரையும் காணோம்.

தலைமன்னார்:
எங்கட பக்கம் துறைமுகத்தை ஆர் திருத்தினது? சும்மா வாய்க்கு வந்தபடி கதையாதேங்கோ.

ராயபுரத்தான்:
இன்னும் எம்.வி.யா டி.எஸ்.எஸ்.ஸா என்பதற்கே ஆதாரம் வரவில்லை. அதற்குள் காங்கேசன்துறைக்குப் போய்விட்டார்கள்.

டெக் டிக்கெட்:
ஜெரஜாக் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, கவனித்தேன்.

நாகூர் சபுராளி:
தம்பிமாரே, கொஞ்சம் பொறுமையாகப் பேசலாமே. இதே பிரச்சினைதான் போன வருஷம் நாகூர் கந்தூரிக் கொடிக் கப்பல் பற்றிப் பேசும்போதும் வந்தது, இதே ஆற்றங்கரையாரால்.

கடுவையாற்றங்கரை:
அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் அதேதான். நாகையில் ரஜூலா வெளியேதான் நின்றது. படம் எங்கே?

பினாங்குப்பேரன்:
படம் பெரியம்மா வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்து வருவேன். பலகை இருந்தது.

கடுவையாற்றங்கரை:
எந்தப் பொங்கல்?