மூன்று ஸ்பைடர்மேன், உங்கள் மனதில் நின்றவர் யார்?

மேலூரிலிருந்து:

எங்கள் பக்கம் திருவிழா என்றால் வள்ளி திருமணம் நாடகம் இருந்தே ஆக வேண்டும். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது, அன்றைக்கு மேடையில்தான் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நடிப்பார்கள். மறுநாள் முழுக்க, போன வருச ராஜபார்ட்டா இந்த வருச ராஜபார்ட்டா என்று ஊரே பேசும். முருகன் வேடனாக வருவார், கிழவராக வருவார். கிழவர் வேசத்துக்குள் முருகன் தெரிகிறாரா என்று பார்ப்பதுதான் எங்கள் அப்பத்தாவின் கணக்கு. ஸ்பைடர்மேனாக நடித்த மூவரையும் நான் அதே கணக்கில்தான் பார்க்கிறேன்.

நம் ஊரில் பலரும் இந்தப் படங்களைத் தமிழ் டப்பிங்கில்தான் பார்த்திருப்போம். அதில் நடிகரின் சொந்தக் குரல் கிடையாது. முகமூடி மாட்டிவிட்டால் முகமும் கிடையாது. மிச்சம் உடம்பு மட்டும்தான். டாம் ஹாலண்டுக்காவது உடையில் இருக்கும் கண்கள் சுருங்கி விரியும். டோபி மெக்வயருக்கும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கும் அந்த வசதியும் இல்லை. அதனால் முகமூடி கழன்று விழும் இடங்களைத்தான் நான் கவனித்துப் பார்ப்பேன்.

என் ஓட்டு மெக்வயருக்கு. சாம் ரெய்மி எடுத்த மூன்று படங்களில் (2002, 2004, 2007) நடுப்படம்தான் உச்சம். அதில் பீட்டருக்கு (முகமூடிக்குள் இருக்கும் பையனின் பெயர் அதுதான்) வாடகை கொடுக்கப் பணம் இல்லை, பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் போய்விடுகிறது, சக்தியும் விட்டுவிட்டுப் போகிறது. மெக்வயர் அதற்கெல்லாம் பெரிதாக எதுவும் செய்ய மாட்டார். தோளைக் கொஞ்சம் தொங்கப் போட்டு நடப்பார், அவ்வளவுதான். அப்புறம் அந்த ரயில் காட்சி. முகமூடி இல்லாமல், இரண்டு பக்கமும் வலையைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற ரயிலை நெஞ்சால் தாங்கி நிறுத்துவார்.

டிவியில் அந்தக் காட்சி ஓடியபோது பெரியப்பாவும் கூட இருந்தார். லாரி ஓட்டியவர், பிரேக் பிடிக்காமல் சரிவில் இறங்கிய வண்டியைக் கியரைக் குறைத்துக் குறைத்தே நிறுத்தியவர். சூப்பர் ஹீரோ படம் என்றால் எழுந்து போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. "வண்டி நிக்கிறவரைக்கும் மூஞ்சி அப்படித்தான்டா இருக்கும், பல்லு கிட்டிச்சிரும்" என்றார். மயங்கி விழுபவரைப் பயணிகள் தலைக்கு மேல் தாங்கி உள்ளே கொண்டுபோகிறார்களே, அதுவரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். ஒரு நடிகருக்கு இதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும்?

உசிலம்பட்டியிலிருந்து:

மேலூர் அண்ணனுக்கு வணக்கம். முகமூடி கழலும் இடம் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு 2012 படத்துப் பாலம்தான் ஞாபகம் வந்தது. காருக்குள் மாட்டிக்கொண்ட சின்னப் பையன் பயத்தில் உறைந்து கிடப்பான், கார் தீப்பிடித்துவிடும். கார்ஃபீல்ட் தன் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டு, அதை அவனையே போட்டுக்கொள்ளச் சொல்வார். நெருப்பு அந்தப் பக்கம் பிடிக்கும்போதுகூட அவசரம் காட்டாமல் பையனோடு பேசுவார். பால்வாடியில் பிள்ளைகளோடு இருக்கிறவள் நான். பயந்த பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அந்த நடிகருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் உடம்பு மட்டும்தான் மிச்சம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெட்போன் மாட்டி ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். கார்ஃபீல்ட் வாக்கியத்தைப் பாதியில் விடுவார், திக்குவார், சொன்னதையே திரும்பச் சொல்வார். டப்பிங்கில் அதெல்லாம் சீராகிவிடுகிறது. அவருக்கு நம் ஊரில் ரசிகர்கள் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கார்ஃபீல்டின் 2014 படத்தில் பீட்டரின் காதலி க்வென் மணிக்கூண்டுக்குள் விழுவாள். வலை எட்டிப் பிடித்தும் உயிர் போய்விடும். 2021 டிசம்பர் 16, நம் நாட்டில் மூவரும் சேர்ந்து வந்த படம் வெளியான நாள். மதுரையில் தங்கச்சியோடு பார்த்தேன். மெக்வயரும் கார்ஃபீல்டும் வந்ததற்கு எழுந்த சத்தத்தில் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. கடைசியில் ஹாலண்டின் காதலியாக வரும் எம்ஜே விழும்போது கார்ஃபீல்ட் பாய்ந்து பிடிக்கிறாரே, அங்கே வசனமே தேவைப்படவில்லை. நலமா என்று அவர் கேட்க, அந்தப் பெண் திருப்பி அவரைக் கேட்கிறாள். அவர் முகம் உடைகிறது. ஏழு வருசத் துக்கத்தை அரை நிமிடத்துக்குள் காட்டிய நடிகரை இரண்டாவது இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வில்லாபுரத்திலிருந்து:

நான் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கால்தான் முதலில் கண்ணில் படும். ஹாலண்ட் சின்ன வயதிலேயே லண்டன் மேடையில் நடன நாடகத்தில் ஆடியவர். குதித்துத் தரையில் இறங்கும்போது முழங்கால் எடை வாங்கும் விதத்திலேயே அது தெரியும். என் வகுப்பில் வாண்டுகள் காப்பியடிப்பது அவரைத்தான்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது அவர் குதிக்காத காட்சி. 2017 படத்தில் கட்டட இடிபாட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்வார். அயர்ன்மேனான ஸ்டார்க் கொடுத்த உடை பறிபோய்விட்டது. போட்டிருப்பது வீட்டில் தைத்தது. உதவிக்கு யாராவது வாங்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்துவார். 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் காமிக்ஸில் உருவாக்கியபோது பீட்டர் பள்ளிக்கூடப் பையன்தானே. அந்தக் கத்தலில்தான் அந்தப் பையனை நான் முதல் தடவை பார்த்தேன். முன்னால் கிடக்கும் தண்ணீரில் பாதி முகமும் பாதி முகமூடியும் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் முக்கித் தூக்குவார்.

தங்கச்சி சொன்ன பாலத்தையும் அண்ணன் சொன்ன ரயிலையும் இந்தக் காட்சியோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்குப் போட்டுக்காட்டப் போகிறேன். அவர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.