1960 லேஅவுட்டுக்கு எஸ்.பி. ஜி.பி.9 கூட்ஸ் இன்ஜின்: கறுப்பு பெயிண்டா, சிவப்பு மூக்கா?

குமாரசாமிபேட்டை_லோகோ:
எல்லாருக்கும் வணக்கம், தர்மபுரியில இருந்து எழுதுறேன். எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர், கலிபோர்னியாவுல இருந்து லீவுக்கு வந்தப்போ எனக்காக எச்.ஓ. ஸ்கேல்ல (நிஜ சைஸ்ல 87ல ஒரு பங்கு) ஒரு ஜி.பி.9, அதாவது அமெரிக்க டீசல் இன்ஜினோட மாடல், கொண்டாந்து குடுத்தார். பெயிண்ட் அடிக்காத வெறும் சாம்பல் கலர் பாடி. சதர்ன் பசிபிக் (எஸ்.பி.)ங்குற அமெரிக்க ரயில் கம்பெனி இன்ஜினா பண்ணணும்னு ஆசை. லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடுற செட்டு, 1960ம் வருஷம்னு முடிவு பண்ணி பலகை எல்லாம் போட்டாச்சு. இப்போ சிக்கல் என்னன்னா சில போட்டோல இன்ஜின் முழுக்க கறுப்பு, மூக்குல மட்டும் வெள்ளியும் ஆரஞ்சும், அதை பிளாக் விடோங்குறாங்க, சிலதுல உடம்பு கருஞ்சாம்பல், மூக்கு மட்டும் ரத்தச் சிவப்பு. 1960க்கு எது சரி? இன்னொன்னு, பக்கத்துல லாரிக்கு பெயிண்ட் அடிக்கிற இடத்துல டுகோவும் தின்னரும் வாங்கினு வந்து உள்பக்கமா டெஸ்ட் பண்ணேன், தின்னர் பட்ட இடம் இளகி ஒரு படிக்கட்டு வளைஞ்சே போச்சு. ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. காப்பாத்த முடியுமா?

ஓசூர்_ரயில்ரசிகன்:
தம்பி, 1960ன்னா ரெண்டுமே சரி, அதான் அந்த வருஷத்தோட அழகே. ஜி.பி.9 எல்லாம் 1954ல இருந்து வந்த இன்ஜின், எஸ்.பி. வாங்கினப்போ கறுப்புலதான் வந்துச்சு. 1958லதான் பாசஞ்சருக்கும் கூட்ஸுக்கும் சேர்த்து ஒரே பெயிண்டுன்னு முடிவு பண்ணி சாம்பலும் சிவப்பும் கொண்டாந்தாங்க. அந்த சாம்பலுக்கு லார்க் டார்க் கிரேன்னு பேரு, லாஸ் ஏஞ்சலஸ் சான் பிரான்சிஸ்கோ நடுவுல ராத்திரி ஓடின லார்க் ரயிலோட கலர் அது. ஆனா ஆர்டர் போட்ட மறுநாளே எல்லா இன்ஜினும் மாறிடுமா? ஷெட்டுக்கு எது எப்போ பெரிய வேலைக்கு வருதோ அப்பதான் பெயிண்ட் மாறும், அதனால அறுபதுகள்லயும் கறுப்பு இன்ஜினும் சிவப்பு மூக்கு இன்ஜினும் ஒரே வண்டிய சேர்ந்து இழுத்துச்சு. நான் உன் இடத்துல இருந்தா இதை கறுப்புல அடிச்சு, மழை வெயில்ல மங்கிப்போன மாதிரி காட்டுவேன், பின்னாடி இன்னொரு இன்ஜின் வாங்கினா அதை புது சிவப்பு மூக்கா பளிச்சுன்னு பக்கத்துல நிறுத்தலாம். பாக்குறவங்களுக்கு வருஷம் என்னன்னு சொல்லவே வேணாம்.

நம்பர்ல மட்டும் ஜாக்கிரதை. 1965ல எஸ்.பி. தன்னோட இன்ஜின் நம்பரை எல்லாம் மாத்திடுச்சு. கறுப்பு பாடியில அதுக்கப்புறம் வந்த நம்பர் டெகால (தண்ணியில நனைச்சு ஒட்டுற ஸ்டிக்கர்) ஒட்டினா மொத்த உழைப்பும் வீண்.

கிருஷ்ணகிரி_பிரஷ்:
படிக்கட்டுக்கு கவலைப்படாதீங்க, பட்டி வச்சு நைசா தேச்சுடலாம், ரொம்ப போச்சுன்னா மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டுங்க. டுகோ தின்னர் இனி கிட்டயே கொண்டுபோகாதீங்க, அது தகரத்துக்கு உள்ளது, இந்த பிளாஸ்டிக்க தின்னுடும். அக்ரிலிக் பெயிண்ட் வாங்குங்க, தப்பா போனா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஊறவச்சு தேய்ச்சா பெரும்பாலும் வந்துடும், அதையும் மொதல்ல உள்பக்கம் வச்சு பாருங்க.

அடிக்கிற வரிசைதான் முக்கியம். சாம்பல் பிரைமர், ஆரஞ்சு வர்ற இடத்துக்கு அடியில வெள்ளை, அப்புறம் ஆரஞ்சு, வெள்ளி, ரெண்டு நாள் நல்லா காயவிட்டு மாஸ்கிங் டேப், கடைசியிலதான் கறுப்பு. கறுப்பு மேல ஆரஞ்சு அடிச்சா எத்தனை கோட் போட்டாலும் அழுக்காத்தான் தெரியும். சுத்தக் கறுப்பு போடாதீங்க, 87ல ஒரு பங்கு சைஸ்ல அது பொம்மை மாதிரி ஆயிடும், ஃபேன், போல்ட் ஒண்ணும் கண்ணுக்கு தெரியாது, கொஞ்சம் சாம்பல் கலந்துக்குங்க. பென்சில்வேனியா ரயில்ரோட் இன்ஜின் போட்டோ பாத்திருப்பீங்க, கறுப்புன்னு நினைச்சுடுவோம், உண்மையில அது கரும்பச்சை, வெயில் பட்டாத்தான் பச்சை தெரியும். அதுக்கும் இதே வைத்தியம்தான்.

டெகால் ஒட்டும்போது கீழ பளபளப்பு கோட் இருக்கணும், இல்லன்னா ஓரம் வெள்ளையா தெரியும். ஒட்டி முடிச்சு மேல மேட் (பளபளப்பில்லாத) கோட். மழை நாள்ல மட்டும் ஸ்ப்ரே வேணாம், மேல பூத்துப்போயிடும்.

மொரப்பூர்_ரிட்டயர்டு:
நான் டீசல் ஓட்டி ரிட்டயர் ஆனவன், தொப்பூர் முத்தம்பட்டி ஏத்தத்துல கூட்ஸ் வண்டி ஏத்தினவன். மாடல் பத்தி எனக்கு தெரியாதுங்க, அழுக்கு பத்தி தெரியும். நம்ம ஆல்கோ இன்ஜின் டர்போ வச்சது, நாட்ச் (ஆக்சிலரேட்டர் மாதிரி) ஏத்தினதும் டர்போ வேகம் எடுக்குறவரைக்கும் கரும்புகை கக்கும், கூரை அப்படியே கரியா இருக்கும். உங்க ஜி.பி.9 டர்போ இல்லாத டூ ஸ்ட்ரோக், புகைப்போக்கி ரெண்டு. அதனால கரியை கூரை முழுக்க அப்பாம அந்த ரெண்டு வாயை சுத்தி அடிங்க. சக்கரம், அதை தாங்குற போகி சட்டம் பக்கம் பிரேக் கட்டை தேஞ்ச தூள் துருக்கலர்ல படியும், டீசல் டேங்க்ல ஊத்துற வாய்க்கு கீழ எண்ணெய் வழிஞ்ச கோடு கட்டாயம் இருக்கும். அமெரிக்காவுல பெயிண்ட் பாத்தா எந்த கம்பெனின்னு தெரியும் போல, எங்களுக்கு பெயிண்ட் பாத்தா எந்த ஷெட்டுன்னு தெரியும். தூரத்துல வரும்போதே கே.ஆர்.புரம் இன்ஜினா ஈரோடு இன்ஜினான்னு சொல்லிடுவோம். இப்போ லைன்ல கரண்ட் வந்தாச்சு.

குமாரசாமிபேட்டை_லோகோ:
ஐயா, டீசல் வழிஞ்ச கோடு எல்லாம் எந்த வீடியோவுலயும் யாரும் சொல்லல, கும்பிடுறேன். கறுப்புதான்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா படிக்கட்டு கிட்ட கறுப்பு எங்க முடியுது, ஆரஞ்சு எங்க ஆரம்பிக்குதுன்னு பழைய போட்டோல சரியா தெரியல அண்ணா.

ஓசூர்_ரயில்ரசிகன்:
மாமா கலிபோர்னியாவுலதான இருக்கார்? பிரீமான்ட் பக்கம் நைல்ஸ் கேன்யன் ரயில்வேன்னு ஒண்ணு இருக்கு, அங்க எஸ்.பி. 5623 நம்பர் ஜி.பி.9 இன்ஜின கறுப்பு பெயிண்ட்லயே பாதுகாத்து வச்சிருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை போய் ரெண்டு முனையையும் படிக்கட்டையும் கிட்ட நின்னு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, வெயில்ல ஒண்ணு நிழல்ல ஒண்ணு.