முதல் சாம்பாரும் மஞ்சள் சுவரும்

அம்பத்தூர்வாசி:

மெஸ்ஸுக்கு மாதா மாதம் கொடுக்கும் காசை ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். அன்றைக்கே சமைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஊர் தென்காசிப் பக்கம், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். அறையில் இரண்டு பேர். மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி, இரண்டு கரண்டி, ஐந்து கிலோ சிலிண்டர். பருப்பு ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்டது, ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கியது. கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான்.

முதல் நாள் சாம்பார். "பருப்பை வேக வை" என்று அம்மா போனில் சொன்னாள். எவ்வளவு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதிப் பொட்டலத்தைக் கொட்டி, குக்கர் நிறையத் தண்ணீர் விட்டு, தீயைக் கூட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் விசிலிலிருந்து மஞ்சள் நுரை பீய்ச்சி அடிக்கிறது. சுவரெல்லாம் பருப்பு. ஜன்னலில் காயப்போட்டிருந்த வேலைச் சட்டையிலும் பருப்பு. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த வீட்டுக்கார அக்கா, "என்ன தம்பி, சுவத்துக்கு மஞ்சள் பூசுறியா?" என்றார்.

அன்றைக்கு அடுப்பைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதுதான் எனக்கு முதல் பாடம். பருப்பு பொங்கும், அதனால் தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பேருக்கு அரை டம்ளர் தாராளம். அரை மணி நேரம் ஊற வைத்தால் கேஸ் மிச்சம். மஞ்சள்தூளோடு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். மூடும் முன்பு, வெயிட் உட்காரும் துளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், பருப்புத் தோல் அடைத்துக் கிடந்தது. சுவரோடு போனது நல்ல நேரம்தான். புளியையும் முதலிலேயே கரைத்து ஊற்றியிருந்தேனா, பாத்திரத்தில் மிஞ்சிய பருப்பும் கடைசி வரை வேகவில்லை. பருப்பு மசிந்த பிறகுதான் புளி.

இப்போது ஒரே பருப்பில் இரண்டு வேளை ஓட்டுகிறேன். வெந்ததும் கலக்காமல் வைத்தால் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அதை இறுத்து ரசத்துக்கு, அடியில் இருப்பதைக் கூட்டுக்கு. நெல்லிக்காய் அளவு புளி, கையால் பிசைந்த ஒரு பழுத்த தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு. புளியின் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீரை விட்டு, நுரை கட்டி மேலே வரும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் மணம் போய்விடும்.

கோவைக்காரி:

உங்களுக்குப் பருப்பு, எனக்குத் தாளிப்பு. எண்ணெய் சூடாகும் முன்னே கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடுவேன். கடுகு வெடிப்பதற்குள் உளுந்து கருகிவிடும். ஒரு மாதம் கருகல் வாசத்தோடுதான் சாப்பிட்டேன். இப்போது இரண்டு கடுகை மட்டும் போட்டுப் பார்ப்பேன். அது வெடித்தால்தான் மற்ற கடுகு. சடசடப்பு ஓய்ந்ததும் உளுந்து, அது சிவக்கும்போது மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. கறிவேப்பிலையை ஈரத்தோடு போட்டு முகத்தில் எண்ணெய் தெறித்த கதை இன்னொரு நாள்.

பழைய சோறு:

தம்பி, அரிசியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. ஆரம்பத்தில் என் காசெல்லாம் வீணாய்ப் போனது அதில்தான், தினமும் நாலு பேருக்கு வடிப்பேன். இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் போதும். குக்கரென்றால் பச்சரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர், புழுங்கல் அரிசிக்கு மூன்று. மிஞ்சினால் கொட்டாதீர்கள். ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோர், உப்பு, நாலு சின்ன வெங்காயம். ஃபிரிட்ஜ் தேவையில்லை, காலை டிபன் காசும் மிச்சம்.

காய் வாங்க சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்துக்குப் போவேன். கூறு கட்டி வைத்த தக்காளியைக் குறைத்துக் கொடுப்பார்கள். கொஞ்சம் நசுங்கியிருக்கும், ரசத்துக்கும் தொக்குக்கும் அதுதான் தோது. கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை, கொசுறுதான். பீர்க்கங்காய் வாங்கினால் தோலைச் சீவி வதக்கித் துவையல். கொத்தமல்லிக் காம்பைக் கிள்ளி எறிகிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ரசத்துக்கு வாசனையே அதில்தானே இருக்கிறது!

அம்பத்தூர்வாசி:

சரிங்கண்ணே, காம்பை எறிகிற ஆள் நான்தான். இனிமேல் இல்லை. அரிசியும் ஊர் ரேஷன் அரிசிதான். நாலு தண்ணீர் கழுவி, அரை மணி ஊற வைத்து வடித்தால் அந்த வாசம் தெரியவில்லை. குக்கரில் வைத்தால் குழைந்துவிடுகிறது, விட்டுவிட்டேன்.

நேற்று ரசம் நன்றாக வந்தது. வீட்டுக்கார அக்கா ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, உப்பு ஒரு கல் கம்மி என்றார். சுவர்க் கறை மட்டும் போகவில்லை. காலி செய்யும்போது வெள்ளையடிக்கிற காசை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாராம், ரசம் குடிக்கும்போதே சொல்லிவிட்டார்.